ரேடியோவின் மூன்று நாள் மௌனம்

எங்கள் இல்லத்தில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை. அதற்காகத்தான் அங்கே சேர்ந்தேன் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். கத்தோலிக்க மாணவர்களுக்காகக் கல்லூரிக்குப் பின்னால் கட்டிய மாடிக் கட்டடம். கீழே சிற்றாலயம், எதிரே சாப்பாட்டுக்கூடம். மனைவி இறந்ததும் வேலையை விட்டுவிட்டு மேற்படிப்புக்கு வந்தவன் நான். இல்லத்தை நடத்தும் ஃபாதர் விஷயத்தைக் கேட்டதும் இடம் கொடுத்துவிட்டார். கல்யாணமானவன் நான் ஒருவன்தான். பையன்கள் எனக்கு மாமா என்று பெயர் வைத்தார்கள்.

என் அறைத்தோழனுக்கு ரேடியோ என்று பெயர். பல் துலக்கும்போதும் பேசுவான். நான் சாப்பிட இறங்காத நாட்களில் தட்டை அறைக்கே கொண்டுவந்து வைப்பான்.

ஆண்டுக்கு ஒருமுறை மௌனத் தியானம். மூன்று நாள் யாரும் பேசக்கூடாது. எல்லோரும் போனை ஒப்படைத்துவிட வேண்டும். மூத்தவன் என்பதால் ஃபாதர் அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். நான் அலுவலக அறையில் இருந்து, அவசர அழைப்பு வந்தால் எடுத்து உரியவனிடம் சொல்ல வேண்டும்.

"ரேடியோ மூணு நாள் வாய மூடிட்டா அதுவே அற்புதம்தான். பிஷப்புக்கு எழுதிப் போட்டுடலாம்" என்றான் ஒருவன்.

ரேடியோ சிரிக்கவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க மாமா. ஏதாவதுன்னா சொல்லிடுவீங்கல்ல?"

"குடுறா. நான் எதுக்கு இருக்கேன்?"

இரண்டாம் நாள் காலையில் அவன் அக்கா அழைத்தார். "தம்பி, அவன ஒடனே வரச் சொல்லுங்க. அம்மா இன்னிக்குத் தாண்டமாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அவனத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அப்போது பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லத்தான் போனேன்.

சிற்றாலயத்தின் கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருந்தான். என்னைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினான். போன் வந்ததா என்று கேட்கிறான். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் உதட்டில் விரலை வைத்து, தான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று பெருமையாகக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

எனக்குக் காரணம் இருந்தது. சாகிற உடம்பு பார்க்கக்கூடியதல்ல. மூக்கில் குழாய், காய்ந்த உதடு. மகன் அதைப் பார்த்தால் பிறகு அம்மா என்றாலே அதுதான் ஞாபகம் வரும். அதைவிட ஜெபத்தில் இருப்பது மேல் என்று நினைத்தேன்.

மதியம் அக்கா மறுபடி அழைத்தார்.

"கெளம்பிட்டானா தம்பி?"

"வந்துக்கிட்டே இருக்கான்க்கா."

"சரி, அம்மா காதுல சொல்றேன்."

சாயங்காலம் வந்த அழைப்பையும் எடுத்தேன். அதன்பிறகுதான் அவனிடம் போய்ச் சொன்னேன். மௌனம் கலைந்து அவன் பேசிய முதல் வார்த்தை, "எப்ப?"

அக்கா சொல்லி எல்லாம் தெரிந்ததும் ஃபாதர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அதே காரணத்தைச் சொன்னேன்.

"ஒன் மனைவியோட கடைசி நேரத்தப் பார்த்தவன் நீ. அந்தக் கஷ்டம் இவனுக்கு வேண்டாம்னு நெனச்சிட்டே. பெரிய தப்புப்பா" என்று தோளில் கை வைத்தார். அந்த வாரம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில், ஜெபத்தின்போது மனம் பராக்குப் பார்த்தது என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

அடக்கம் முடிந்து ரேடியோ திரும்பி வந்தான். வேறு அறை கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன் மாமா" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஃபாதர் நினைத்தது தவறு. என் மனைவியின் கடைசி நேரத்தை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். "எங்க சார் இருக்கீங்க, உங்களத்தான் கேக்கறாங்க" என்று நர்ஸ் போனில் அழைத்தார். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன், வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். ஒரு மாடி ஏறினால் போதும். பயமாக இருந்தது. ஏறவில்லை.

அவன் ஏறியிருப்பான். செருப்புக்கூட மாட்டாமல் ஓடியிருப்பான். அப்படி ஓடியவன் ஒருவன் தினமும் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் தலையை ஆட்டினேன்.