ஹெலிகாப்டர் ஏறிய பழைய லென்ஸ்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ். முன்சீட்டில் ஒரு கல்யாண போட்டோகிராபரும் அவர் மச்சானும். நான் ஜன்னலைப் பார்த்தபடி காதை மட்டும் முன்னால் அனுப்பிவைத்தேன்.

"கும்பாபிஷேகத்துக்குப் பூத்தூவுற ஹெலிகாப்டர்ல என்னையும் ஏத்திவிட்டாக மச்சான். மேலருந்து கோயில் முழுசா வேணுமாம். சாயங்காலம் கமிட்டிக்குக் காட்டணும்."

"காட்டிர வேண்டியதுதான?"

"புது டிஜிட்டல் கேமராவுல, தூரத்துல உள்ளத இழுத்துக் காட்டுற ஃபிலிம் காலத்து டெலி லென்ஸ மாட்டிட்டுப் போயிட்டேன். கோபுரம் எங்க அடங்குது? ஆட்டத்துல எல்லாம் கலங்கிப்போச்சு. ஒரே படம்தான் பளிச்சுனு இருக்கு. அதுல கமிட்டித் தலைவர்."

"சின்ன லென்ஸ் என்னாச்சு?"

"வீட்டுல. பெருசா நீட்டிக்கிட்டு இருந்தாத்தான மதிக்கிறாக."

"தலைவரு படத்துல விழுந்தது நல்லதுதானப்பா?"

"காப்புக் கட்டி விரதம் இருக்கிறவுக, மடப்பள்ளிக்குப் பின்னால நின்னு பீடி குடிக்கிறாக."

"அழிச்சிரு."

"அழிச்சா, நான் மேல போனதுக்கே சாட்சி இல்லையே மச்சான்!"