இடது பக்க இருக்கை

ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் சாவியைத் திருகியதும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் வணக்கம் சொல்லும். பத்தில் எட்டுப் பேர் அந்தக் குரலை நிறுத்தச் சொல்லித்தான் முதன்முதலில் என் பட்டறைக்கு வருவார்கள். ஐந்து நிமிட வேலை. மீதி இரண்டு பேர், அது பாட்டுக்கு இருக்கட்டும், பழகிவிட்டது என்பார்கள். அவர்களை எனக்குப் பிடிக்கும்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், அதிகாரி ஐயா. எழுதுகிறேன். என் பெயர் சகின், வயது ஐம்பத்து மூன்று, டோக்மோக் ஊரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர், விளக்கு, ஏர்பேக் இவைதான் என் தொழில். இருபது வருஷத்தில் நான் தொட்ட கார் எதுவும் தீப்பிடித்ததில்லை. செய்த வேலை சரியில்லை என்று ஒருவரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. என் அக்கா அனார்கான் விஷயத்திலும் வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மலைப்பக்கம் கோச்கோர் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தோம். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் பாயேல்.

அக்கா மகன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்லக்கூடாது. உங்களுக்கும் மாமன் இருப்பார், நீங்களும் எதையாவது கேட்டு வாங்கியிருப்பீர்கள். மூன்று தடவை கேட்க அவனுக்கு உரிமை உண்டு. மறுக்கிற மாமனுக்குக் கை நடுக்கம் வந்துவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். படித்தவர் நீங்கள் சிரிக்கலாம். தலைமயிர் மாதிரி ஒயர்களைப் பிடித்து வேலை செய்கிறவனுக்கு அந்தச் சிரிப்பு வராது.

பாயேல் முதல் தடவை கேட்டபோது அவனுக்கு ஆறு வயது. தாய்க்குதிரை செத்துப்போய், நான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த ஒரு குட்டி இருந்தது. விருந்துக்கு வந்த இடத்தில் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "மாமா, நெத்தியில வெள்ளை போட்ட குட்டி வேணும்" என்றான். அந்தக் குட்டியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மலையில் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் நெற்றி எப்படி இருக்கும் என்று அவர்கள் வீட்டில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அப்போது தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை.

கொடுத்தேன். அந்தக் குளிர்காலத்திலேயே அதை இறைச்சிக்கு அடித்துவிட்டார்கள். எனக்கும் ஒரு தொடைத் துண்டு அனுப்பியிருந்தாள். என்னை மறக்கவில்லை என்று காட்டத்தான். ஜிபார் சமைத்தாள், நானும் சாப்பிட்டேன். ஜிபார் என் மனைவி.

இரண்டாம் தடவை, அப்பா இறந்த நாற்பதாம் நாள் விருந்தில். வெள்ளி பதித்த அப்பாவின் சேணத்தைக் கேட்டான். அவனுக்குப் பதினாறு வயது, குதிரையேறவே தெரியாது. அக்கா அன்றைக்கும் தேநீர்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது, போன வருஷம் அவன் நிச்சயதார்த்தத்தில். என்னிடம் நீல நிறத்தில் ஒரு சின்னக் கார் இருந்தது. பதினைந்து வருஷப் பழசு. ஜிபாருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்விட்டதால் அவளைக் கடைக்கும் வைத்தியத்துக்கும் கூட்டிப்போக வாங்கியது. விருந்தில் பாயேல் எழுந்து நின்று கிண்ணத்தைத் தூக்கினான்.

"மாமா, ரெண்டு தடவை கேட்டாச்சு. இதான் கடைசி. அந்த நீலக் காரைக் குடுத்துடுங்க. மாட்டேன்னு சொல்லி உங்க கை நடுங்கிப்போச்சுன்னா, அப்புறம் ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் லைட்டு யாரு மாட்டுவா?"

அறுபது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா என் தோளைத் தட்டி, "உன்கிட்ட கேக்காம ரோட்ல போறவன்கிட்டயாடா கேப்பான்?" என்றாள். சாவியை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர்கள் கையேந்தி ஆசீர்வாதம் சொன்னார்கள். ஜிபார் அதிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போகிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இனி காரைப் பற்றி. கம்பெனியின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது, நான் எழுதவேண்டியதில்லை. அந்த வகைக் கார்களில் இடது பக்க ஏர்பேக்கைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனி உலகம் முழுக்க அறிவித்தது. கடிதம் போனது ஜப்பானில் இருந்த முதல் சொந்தக்காரருக்கு. இங்கே யாருக்கும் வரவில்லை. பையை ஊதிவிடுவதற்கு உள்ளே ஒரு சின்ன இரும்புக் குப்பி இருக்கும். அதிலுள்ள வெடிமருந்து ஈரமான ஊரில் பல கோடை நின்றால் கெட்டுவிடும். கெட்ட மருந்து பற்றினால் பையோடு சேர்ந்து குப்பியும் வெடிக்கும். இரும்புத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் பாயும். என் நீலக் கார் கடலோரத் தீவு ஒன்றில் பத்துக் கோடை நின்றது. சேஸிஸ் நம்பரைக் கம்பெனி வெளியிட்ட பட்டியலில் தேடினேன், இருந்தது.

இடது பக்கம் உட்காருவது ஜிபார். மாற்றுவதற்குப் புதுக் குப்பி அப்போது இங்கே கிடைக்கவில்லை. ஆகவே அந்தப் பையின் மஞ்சள் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பிளக் இல்லாவிட்டால் பை ஊதாது, குப்பியும் வெடிக்காது. ஆனால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்தால் விளக்கை ஏமாற்றி அணைத்துவிடலாம், சந்தையில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. என்னை நானே ஏமாற்றிக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

இப்படி விளக்கு எரியும் நிலையில்தான் கார் பாயேலிடம் போனது. அதுவரை என்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் கார் இறக்குமதி செய்கிறவர்களின் சங்கம் புதுக் குப்பிகளை வரவழைத்து எங்கள் மாதிரிப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. எனக்கு ஒன்பது வந்தன. ஒவ்வொன்றிலும் எந்தக் காருக்கு என்று நம்பர் ஒட்டியிருந்தது. எட்டுப் பேருக்குப் போன் போட்டு வரவழைத்து இலவசமாக மாட்டிக் கொடுத்தேன். ஒருவர் தேன் கொண்டுவந்து தந்தார். ஒன்பதாவது குப்பி நீலக் காருடையது. அதை அலமாரியில் வைத்தேன்.

மே மாதம் அக்காவே போன் செய்தாள். விளக்கு எரிவதைப் பெண் வீட்டார் பார்த்துவிட்டு ஓட்டை வண்டி என்று கேலி செய்கிறார்களாம். மறுநாள் இருவரும் வந்தார்கள். போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்து ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். ஜிபார் தேநீர் வைத்தாள். அக்கா கீழே இறங்கவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, காலை வெளியே நீட்டி, கிண்ணத்தை அங்கேயே வாங்கிக்கொண்டாள்.

"குடுக்கிறதுதான் குடுத்தே, நல்லதாப் பாத்துக் குடுத்திருக்கக் கூடாதா? மானத்தை வாங்குது இந்த விளக்கு" என்றாள்.

"அணைச்சிடலாம்க்கா. கொஞ்சம் காலைத் தூக்கிக்கோ."

அவள் காலைத் தூக்கிக்கொண்டாள். நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு, குனிந்து அவள் முழங்காலுக்கு முன்னால் கையை விட்டுப் பிளக்கைத் தேடி எடுத்தேன். தூசியைத் துடைத்து, இருந்த இடத்தில் மறுபடி சொருகினேன். சொடுக்கென்று உட்கார்ந்தது. பேட்டரியை மாட்டச் சொன்னேன். பாயேல் மாட்டிவிட்டுச் சாவியைத் திருகினான். விளக்கு சில நொடி எரிந்து அணைந்தது.

அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "வேற ஒண்ணும் குறையில்லையேடா?" என்று கேட்டாள். வேலை விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

"இல்லக்கா. இப்ப எல்லாமே வேலை செய்யுது" என்றேன்.

புதுக் குப்பி மூன்று அடி தள்ளி அலமாரியில் இருந்தது. அதை மாட்டியிருந்தால் நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். ரெசிஸ்டர் வைத்திருந்தால் பத்து நிமிடம். நான் செய்தது இரண்டு நிமிட வேலை. அவர்கள் கேட்டது விளக்கை அணைக்கச் சொல்லி. அணைத்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு நான் எதுவும் செய்யவில்லை. கார் எங்காவது மோதவேண்டும். மோதாமலே இருபது வருஷம் ஓடியிருக்கலாம். ஜூனில் கல்யாணம் நடந்தது, போய் ஆடிவிட்டு வந்தேன். அக்கா இரண்டு மூன்று தடவை கார் நன்றாக ஓடுகிறது என்று போன் செய்தாள். கேட்டுக்கொண்டேன். காத்திருப்பது எனக்குச் சிரமமில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் ஆடுகள் மலையிலிருந்து இறங்கின. கணவாய்ச் சாலையில் முன்னால் போன லாரி ஆட்டு மந்தையைப் பார்த்து பிரேக் போட்டது, பாயேல் பின்னால் போய் இடித்தான். முப்பது கிலோமீட்டர் வேகம் என்று உங்கள் ஆட்களே அளந்து எழுதியிருக்கிறார்கள். பம்பர் நசுங்கியது. பாயேலுக்கு மூக்கில் ரத்தம், அவ்வளவுதான். ஆடு ஒன்றுக்கும் அடியில்லை. அக்காவின் கழுத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு. அவள் ஆஸ்பத்திரி போகும்வரைகூட இருக்கவில்லை.

செய்தி வந்ததும் போனேன். முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்கள் வழக்கப்படி தடியூன்றி வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அழுதேன். நடிக்கவில்லை, கண்ணீர் தானாக வந்தது. இறந்தவளின் பிறந்த வீட்டு ஆள் நான் ஒருவன்தான். எங்கள் பெண் எப்படிச் செத்தாள் என்று கேட்கும் உரிமை பிறந்த வீட்டாருக்குத்தான் உண்டு, கேட்காவிட்டால் ஊர் தப்பாகப் பேசும். ஆகவே எல்லோர் முன்னாலும் பாயேலைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்க அக்காவை உன்னை நம்பித்தானேடா வண்டியில ஏத்துனோம். எப்படி ஓட்டுனே?"

அவன் தடியைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். என் தப்புதான் மாமா, கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே ஓட்டினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒருவரும் அவனைத் தூக்கவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தூக்கினால் அவர்களும் தூக்கியிருப்பார்கள்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் பட்டறைக்கு வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். வாசலிலேயே நின்றான்.

"மாமா, மூணு தடவை கேட்டு வாங்கியாச்சு, இனி எனக்கு உரிமையில்ல. இருந்தாலும் கேக்கறேன். மன்னிச்சிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

நான் ஒரு ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"மூணுதான்ப்பா. மூணும் முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அவனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான். என் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. இத்தனை வருஷம் வீணாகப் பயந்திருக்கிறேன்.

பிறகுதான் உங்கள் டாக்டர் அந்த இரும்புத் துண்டு எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார். நீங்கள் பட்டறைக்கு வந்தீர்கள், நம்பர் ஒட்டிய குப்பி அலமாரியிலேயே இருந்தது. நான் அதை ஒளித்துவைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

உங்கள் குறிப்பை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். கார் பறிபோன கோபத்தில் மருமகனைக் கொல்லத் திட்டமிட்டதாகவும், குறி தவறிச் சொந்த அக்கா இறந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். வாசிக்கும்போது உங்கள் குரலில் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது. அதைத் திருத்தவேண்டும்.

பட்டியலில் இடது பக்கம் என்று தெளிவாக இருக்கிறது. ஓட்டுகிறவன் உட்காருவது வலது பக்கம். இந்தக் கார்களுக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், நாமும் சாலையின் வலது பக்கத்திலேயே ஓட்டுகிறோம். முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. இடது பக்கம் இருப்பவர் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்து, போ என்றோ பொறு என்றோ சொல்லவேண்டும். பாயேலுக்கு அந்தக் கண் அக்காதான். புது மனைவியைக்கூடப் பின்னால்தான் உட்காரவைத்தாள். அம்மா இல்லாமல் அவன் கோச்கோர் தாண்டியதில்லை. இது எனக்கு மே மாதமும் தெரியும், அதற்கு முன்பும் தெரியும். பிளக்கைச் சொருகும்போது என் முகத்துக்கு நேரே இருந்தது அவள் முழங்கால்.

பாயேல் சின்னப் பையன். சொல்லிக்கொடுத்ததைக் கேட்டான். அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபமில்லை. நான் கொன்றது யாரைக் கொல்ல நினைத்தேனோ அவளைத்தான். என் வேலையில் தவறு நடந்ததாக எழுதியதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

இதோடு எல்லாம் வந்துவிட்டது. இத்தனை நாளில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் தந்திருக்கிறேன். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாயேலிடம் இதைச் சொல்லவேண்டாம். சொந்த மாமனே செய்தான் என்று தெரிந்தால் அவன் தாங்கமாட்டான், அப்புறம் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அம்மாவைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படியே இருக்கட்டும். அவன் நன்மைக்காகத்தான் கேட்கிறேன்.