மாமா இறங்கும் முடக்கு

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில், "பெரிய மாமா இறங்கினாத்தான் கார் திரும்பும், நானா" என்று முன் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. புதுக் கார் இறக்குமதி நின்றுபோன காலம் அது. பழைய காருக்குள் லொறி எஞ்சினை வைத்து ஓட்டினார்கள். பேசியவர் அப்படியொரு காரின் சொந்தக்காரர். அவர் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டது, பக்கத்தில் இருந்த, அந்த எஞ்சினைப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக்கை.

"நான் ஓட்டிப் பார்த்தப்ப நல்லாத் திரும்பிச்சே?"

"நீங்க ஒத்த ஆளு. தம்பியோட மாப்பிள்ளை ஊர்வலத்துல மாமா முன்னுக்கு ஏறினாரு. அவரு பாரத்துக்கு முன்பக்கம் பதிஞ்சு, எஞ்சினோட அடி, டயரைத் திருப்புற ஸ்டியரிங் ரொட்டுல முட்டிருச்சு. ரோடு வளையிற முடக்குல கார் திரும்பாம நேரா தேயிலைக்குள்ள போகப் பார்த்துச்சு."

"மாமாவைப் பின்னுக்கு ஏத்தியிருக்கலாமே?"

"அப்படிச் சொன்னா கல்யாணமே நின்டுரும்."

"அப்ப என்னா செஞ்சீங்க?"

"ஒவ்வொரு முடக்குலயும் பெரியவங்க இறங்கி, மாப்பிள்ளைக்கு முன்னால நடக்கிறதுதான் மரியாதைன்னு சொன்னேன். சந்தோசமா இறங்கி நடந்தாரு."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்கே காரைக் கொண்டாங்க. எஞ்சினுக்கு அடியில கட்டை வச்சுத் தூக்கிவிடுறேன். எத்தனை மாமா ஏறினாலும் முட்டாது."

"காரைச் சரியாக்கிருவீங்க. மாமாவை என்னா செய்ய? போன கிழமை மச்சான் கல்யாணத்துக்கு டவுன்ல நல்ல கார் பிடிச்சோம். அதுலயும் முடக்குக்கு முடக்கு இறங்கிட்டாரு. மத்தவங்களையும் இறக்கிட்டாரு. அவரு வாப்பா காலத்திலேருந்தே எங்க குடும்பத்துல இதுதான் வழக்கமாம்."