இராசேஸ்வரி அக்கா இன்னும் ஏறாத ரயில்

சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்து நீள்தடம் பயண நிலையத்தில் முப்பத்தோராண்டு ரயில் பயணங்களைத் திட்டமிட்டுத் தந்து, இன்று ஓய்வுபெறும் திருமதி இராசேஸ்வரி அவர்களுக்கு உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

அட்டவணைகளை ஆண்ட அரசியே! நேரம் தவறாத நேரிழையே! பயணிகளின் பதற்றம் தீர்த்த பண்பின் செல்வியே! அதட்டி அதட்டியே எங்களை ஆளாக்கிய அக்காவே! வணக்கம்!

காசிக்குக் கிளம்பியவரையும் காஷ்மீருக்குக் கிளம்பியவரையும், எங்கே இறங்கி எங்கே மாறி எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கைப்பட எழுதிய அட்டையோடு அனுப்பிவைத்தீர்கள். இந்திய நேரம் நீல மையில். சிங்கப்பூர் நேரம் சிவப்பு மையில்! இந்திய ரயில் முன்பதிவு நம் கடிகாரத்தில் காலை பத்தரைக்குத் திறக்கும்; அந்நேரம் இக்கடையில் தும்மவும் அஞ்சினோம். ஒருமுறை தும்மிவிட்ட யாக்கூப், நீங்கள் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அக்கா, ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. கன்னியாகுமரியில் கிளம்பி, மூன்று நாளுக்கும் மேலாக ஓடி, அசாமின் திப்ருகாரில் போய் நிற்கும் அந்த ரயிலில் எத்தனையோ பேரை ஏற்றிவிட்ட நீங்கள், ஆசை இருந்தும் ஒருநாளும் ஏறியதில்லை. "ஸ்கூல் ஹாலிடே கூட்டம் முடியட்டும் லா" என்றே தள்ளிப்போட்டீர்கள். இனியும் விட்டால் நீங்கள் போகவே மாட்டீர்கள் என்ற பயம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

சென்ற மாதம் வர்ஷா ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து, "அக்கா, பாசிர் ரிஸ்ல இருக்கிற கஸ்டமர் ஒருத்தங்க தனியா போறாங்க, கொஞ்சம் செக் பண்ணுங்க" என்றாரே, நினைவிருக்கிறதா? விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கும் நேரம் இந்திய நேரம்தான் என்பதை மறந்து, அதில் இரு நாட்டு நேர வித்தியாசமான இரண்டரை மணியை மறுபடியும் கழித்திருந்தோம். பிற்பகல் மூன்றுக்கு இறங்குபவரைப் பகல் பன்னிரண்டரைக்கே இறக்கி, அன்று மாலையே கன்னியாகுமரியில் ரயிலேற்றியும் விட்டோம்! சிவப்பு மையில் சீறினீர்கள்: "இந்த அம்மா போய்ச் சேரும்போது தண்டவாளம் மட்டும்தான் இருக்கும். முந்தின நாளே அனுப்புங்கள்." அடியில் சின்னதாக எழுதினீர்கள்: "சன்னலோரம், கீழ்ப் படுக்கை. பாவம், முதல் தடவை போகிறார். ரயிலை விட்டுவிடக் கூடாது."

அந்த வரியைப் படித்துவிட்டு வர்ஷா அழுதேவிட்டார்.

மறுநாள் காலை, அழகப்பன் பல்வலி என்று பொய் சொல்லி உங்களை மருந்தகத்துக்கு இழுத்துப் போனார். பத்தரை ஆனது. முன்பதிவுப் பக்கம் இருமுறை அப்படியே நின்றுபோனது, எங்கள் மூச்சும்தான். மூன்றாம் முறை கிடைத்தது சீட்டு! யாக்கூப் நாற்காலி மேல் ஏறிக் கூத்தாடினார்.

"யார் அந்தப் பாக்கியசாலி?" என்று போன வாரம்கூடக் கேட்டீர்கள். இந்த மடலைச் சுவரில் மாட்டுமுன் சட்டத்தின் பின்னட்டையைத் திறந்து பாருங்கள். அடுத்த மாதச் சீட்டு அது. சன்னலோரம், கீழ்ப் படுக்கை, பெயர் இராசேஸ்வரி.

உடல் நலத்தோடும் உள்ளக் களிப்போடும் நெடுங்காலம் வாழ்க! நினைத்த ஊரெல்லாம் கண்டு மகிழ்க!

சீட்டோடு நீலமும் சிவப்புமாய் ஓர் அட்டையும் இருக்கிறது. இம்முறை நாங்கள் எழுதினோம். திருத்தப் பேனா தேட வேண்டாம் அக்கா. அது நீங்களே திருத்திக் கொடுத்ததுதான்.

என்றும் உங்கள் அன்பில்,
வர்ஷா, யாக்கூப், அழகப்பன்
மற்றும் நீள்தடம் பயண நிலைய ஊழியர்கள்
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்