வளைவுக்கு அப்பால் கேட்ட குரல்

வசந்தத்தில் பறவை பார்க்க வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை போடக் கூடாது, பறவை மிரண்டுவிடும். எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதுதான். லைல் வெள்ளைச் சட்டையில்தான் வந்தார். அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் அவர் கைபேசியில் மஞ்சள் ஆண்குருவியின் பாட்டை வைத்திருந்தார். அதை ஒலிக்கவிட்டால், தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதென்று கூட்டிலிருக்கும் குருவி சண்டைக்குப் பறந்து வரும். படம் பிடிக்க வசதி. போன வசந்தத்தில் காலை முழுக்க அதையே செய்தார். அந்த மஞ்சள் குருவிகள் அலைக்கழிந்து, முட்டைகளைக் கைவிட்டுப் போய்விட்டன.

"ஒரு குருவிதானே வெர்னா, விடுங்க," என்றார்.

இந்த ஏப்ரலில் அவரைத் தனியாக அழைத்தேன். சதுப்பின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாதையிலிருந்து இறங்கி, பட்டுப்போன சைப்ரஸ் மரத்துக்குப் பின்னால் போனால் கூடு தெரியும் என்றேன்.

"ஆழமா?"

"முழங்கால் அளவுதான். யார்கிட்டயும் சொல்லாதீங்க, கூட்டம் கூடிடும்."

அங்கே பாசிக்குக் கீழே தரை கிடையாது. ஒரு மான் அதில் அமிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மற்றவர்களைப் பாதையின் வளைவு தாண்டி அழைத்துப் போனேன். சற்று நேரத்தில் குரல் கேட்டது. லைலின் மனைவி டோரீன்தான் முதலில் நின்றாள்.

"யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?"

"ஆந்தை. இந்த ஆந்தை பகல்லயும் கத்தும், மனுஷங்க மாதிரியே."

அது உண்மைதான். என் காதை எங்கள் குழுவில் யாரும் சந்தேகித்ததில்லை. பேசாமல் கேளுங்கள் என்றேன். எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள்.

"கிழட்டு ஆந்தை போல, பாவம்," என்று டோரீன் சிரித்தாள். "நம்மாளு எங்க சுத்தறாரோ. இதைக் கோட்டை விட்டுட்டோம்னு தெரிஞ்சா அழுதுடுவார்."

குரல் நிற்கும்வரை அவர்களை அங்கிருந்து நகரவிடவில்லை. பிறகு சாண்ட்விச் சாப்பிட்டோம்.

போலீஸ்காரர்கள் நீங்கள் லைலின் சாவை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். எனக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் நேற்று டோரீன் வந்தாள். லைல் கேட்காமல் போன ஆந்தையை அவருக்காக இன்னொரு முறை கேட்க வேண்டுமாம். சொந்தக்காரர்களையும் அழைத்து வருகிறாளாம். இப்போது குஞ்சு பொரிக்கும் நேரம். அத்தனை பேர் அங்கே நடமாடினால் குருவிகள் தாங்காது. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

லைலை அங்கே அனுப்பியது நான்தான் என்று அவளிடம் சொல்லுங்கள். தெரிந்தால் அந்தப் பக்கமே வர மாட்டாள். ஆந்தையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம். யாரையும் நோகடித்து எனக்குப் பழக்கமில்லை.