ஆடுகளுக்கு வழிவிட்டேன்

காரில் மெதுவாகப் போவதுதான் எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதை இங்கிலாந்து போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

போன மே மாதம் மகள் ஷெரின் எங்களை அங்கே வரவழைத்து, கிராமத்துப் பக்கமெல்லாம் காரில் கூட்டிப் போனாள். சந்து மாதிரி ரோடு, இரண்டு பக்கமும் வேலிச்செடி. எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்பார்; மற்றவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். யாரும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் பிரேம்குமாருக்கு மட்டும் அது ஆகவில்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மேட்டில் குட்டிகளோடு செம்மறியாடுகள் மேய்ந்தன. இறங்கிப் பார்க்கிறேன் என்றேன்.

“ஆட்டைப் பாக்கவா ஏட்டி பிளேன் ஏறி வந்த? நம்ம தளவாய்புரத்துல இல்லாத ஆடா?”

ஷெரினும் சிரித்துவிட்டாள். வண்டி நிற்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்காக எங்கேயும் வண்டியை நிறுத்தியதில்லை, அது பழகிப்போயிருந்தது. மகள் சிரித்ததுதான் சுட்டது. ஊர் திரும்பியதும் டிரைவிங் கற்றுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்சைக் கூப்பிடப் போனேன். “அது வாரதுக்குள்ள விடிஞ்சிரும், நீ வண்டிய எடுட்டி” என்றார். அவர் பேச்சை நான் தட்டியதே இல்லை. பின் சீட்டில் படுக்க வைத்து, அவர் வழக்கமாகப் பார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் புறப்பட்டேன். வழியில் ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. இரண்டைத் தாண்டித்தான் போனேன்.

எதிரே வந்த லாரிக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டேன், கையும் காட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன்தான் ஹாரன் அடித்தே என் உயிரை எடுத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டுமந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. ஓரமாக நிறுத்தினேன். அவை கடந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான குட்டிகள். அப்போது மனசு நிறைந்திருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆடு மேய்க்கிற கருத்தப்பாண்டி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துப் பதறினார்.

“யம்மா, ஐயாவுக்கு வேர்த்து ஊத்துது. வெரசா போங்கம்மா.”

“போய்க்கிட்டுத்தான இருக்கோம்” என்றேன். அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான். டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது என் வீட்டுக்காரருக்கு உயிர் இல்லை.

பின் கதவைப் பற்றியும் கேட்டீர்கள். அவர் இறங்கப் பார்த்தார். பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி புறப்படும்போதே பூட்டியிருந்தேன். ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்துவிடக் கூடாதே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

அவர் பிடியை இழுத்தபோது வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, ஐயா. எஞ்சினைக்கூட அணைத்திருந்தேன்.