கோட்டின் கனம்

எண்பதுகளின் கடைசியில் ஒரு சாயங்காலம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ், காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒரே ஆபீஸ் போலிருக்கிறது. சின்னவள் சொன்னாள்:

“அக்கா, கம்ப்யூட்டர்ல எங்கம்மா வீட்டு மேல கடல் ஏறியிருக்கு.”

இதைக் கேட்டபிறகு ஜன்னலுக்கு வெளியே எவன் பார்ப்பான்?

“என்னடி உளர்றே?”

“இந்த வாரம் எங்க ஊர்க் கடற்கரை மேப்பைத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தறேன். பழைய சர்வே மேப்புல கரை எங்க இருந்துச்சு, சாட்டிலைட் படத்துல இப்ப எங்க இருக்குன்னு ரெண்டு கோடு வரைஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தேன். புதுக் கோடு அம்மா வீட்டு மேலயே போகுது.”

“கை தவறியிருக்கும். திரும்ப வரைஞ்சு பாரு.”

“பாத்துட்டேன். அங்கயேதான் போகுது.”

“மேப்புல கோட்டோட கனத்துலயே ஒரு தெரு அடங்கிடும்னு நீதானே சொல்லுவே? வீடு தள்ளித்தான் இருக்கும், பயப்படாதே.”

“அந்தக் கனத்துக்குள்ளதாங்க்கா அம்மா இருக்காங்க.”

பெரியவள் மெதுவாகக் கேட்டாள்: “உங்கம்மாவைக் கேட்டியோ?”

“கேக்கவே வேணாம். ஈஸ்டருக்கு இங்க வந்தப்ப அவங்களே சொன்னாங்க. ‘முன்னெல்லாம் அலைச் சத்தமே கேக்காதுடி. இப்ப படுத்தா தலைமாட்டுலயே கேக்குது. தனியா கெடக்கறவளுக்கு அதுவும் ஒரு துணைதானே’ன்னு சிரிச்சாங்க.”